நத்தைப் பேட்டையில் ஓர் இரட்டைக் கட்டில்

இத்தாலியில், எங்கள் சியேனாவில், சண்டை எதுவும் போடாமலே புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து வாழ்கிற நாட்கள் உண்டு. ஜூலையில் நாலு, ஆகஸ்டில் நாலு. ஊர்ப் பேட்டைகள் ஆளுக்கொரு குதிரை விட்டு மோதுகிற எங்கள் குதிரைப் பந்தய நாட்கள். அவன் ஒரு பேட்டை, அவள் பகைப் பேட்டை என்றால் அந்த நாலு நாளும் அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனால் உன் பேட்டைக் குதிரைக்குக் கால் சுளுக்கட்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவளோடு ஒரே போர்வைக்குள் எப்படிப் படுப்பது, சொல்லுங்கள். பந்தயம் முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள். அப்புறம் பழையபடி சூப்பில் உப்பு இல்லை என்று ஆரம்பிப்பார்கள்.

ஃபோஸ்கா ஆமைப் பேட்டைக்காரி, கஸ்தெல்வெக்கியோ மேட்டில் பிறந்தவள். அவள் புருஷன் துயிலியோ நத்தைப் பேட்டைக்காரன், சான் மார்கோ தெருச் சரிவில் பிறந்தவன். ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு நடந்துவிடலாம். பகைதான் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருவரும் குடியிருப்பது பழைய நகர மதிலுக்கு வெளியே, எந்தப் பேட்டையிலும் சேராத ஓர் அடுக்குமாடியில். துயிலியோ நகரத்துச் சந்துகளில் நெளிந்து போகிற குட்டிப் பேருந்துக்கு ஓட்டுநர். ஃபோஸ்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள்.

அந்த மேசைக்குப் பின்னாலிருந்து அவள் எத்தனை ஆயிரம் பேருக்கு அறை பார்த்துக் கொடுத்திருப்பாள்! முழங்கால் வலிக்காரருக்கு லிஃப்டை ஒட்டி, கைக்குழந்தைக்காரிக்கு முற்றத்துப் பக்கம், குறட்டைக்காரரின் மனைவிக்குத் தனிக் கட்டில். காரை மதிலுக்குள் கொண்டுவராதீர்கள், அபராதம் உங்கள் ஊருக்கே தபாலில் வரும் என்பாள். சக்கரப் பெட்டி வேண்டாம், எங்கள் தெருக் கற்கள் சக்கரத்தைத் தின்றுவிடும் என்பாள். பந்தய நாளில் வருவதென்றால் போன வருஷமே சொல்லியிருக்க வேண்டும் ஐயா என்பாள். நாலு பாஷையில் இதைச் சொல்லுவாள். இத்தனை சொல்லுகிறவள் தன் வாழ்நாளில் ஒரு ராத்திரிகூட ஓட்டலில் படுத்ததில்லை. தேனிலவுக்கு எல்பா தீவுக்குப் போவதாகத்தான் பேச்சு. கல்யாணத்தை ஜூன் கடைசியில் வைத்தார்கள், உடனே பந்தயம் வந்து நின்றது. விரலுக்கு மோதிரம் பழகுவதற்கு முன்னாலேயே அவன் அம்மா வீட்டுக்கும் இவள் அம்மா வீட்டுக்குமாகப் பிரிந்து போனார்கள். எல்பா அப்படியே கடலில் நின்றுவிட்டது.

அவன் அம்மா ஆர்ஜியா. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபோஸ்காவின் வாழ்க்கையில் பாதிக் கசப்பு அந்தக் கிழவி ஊற்றியது. சான் மார்கோ தெருவில் இரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் நத்தைப் பேட்டைக் கொடி கையில் உரசும். பந்தய நாட்களில் துயிலியோவும் அவன் தம்பி நெல்லோவும் வருவார்கள் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சுவர்களைத் துடைப்பாள். சின்ன வயசில் படுத்த அதே கட்டிலில் இரண்டு பேரையும் படுக்க வைப்பாள். நரை விழுந்த மகன்களுக்குக் காலையில் பால் காய்ச்சி ஆற்றிக் கொடுப்பாள். ஃபோஸ்காவுக்கு அந்த வீட்டில் ஈஸ்டர் ஞாயிறு மதியம் மட்டும் ஒரு நாற்காலி உண்டு. அப்போதும் கிழவி வாய் சும்மா இருக்காது.

"சாப்பிடு ஃபோஸ்கா, சாப்பிடு. ஆமை மெதுவாத்தான் தின்னும்னு எனக்குத் தெரியும்."

குழந்தை இல்லை அவர்களுக்கு. டாக்டர், மருந்து, நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு ஈஸ்டரில் ஆர்ஜியா ஆட்டுக்கறியைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "கடவுள் பெரியவரும்மா. ஒண்ணு பொறந்திருந்தா அது நத்தையா ஆமையான்னு கோர்ட்டு வரைக்கும் போயிருக்கணும்." மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். துயிலியோவும் சிரித்தான். ஃபோஸ்கா எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

முதல் வருஷங்களில் அவளுக்கும் அந்த நாலு நாள் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அம்மா இருந்தாள், தோழிகள் இருந்தார்கள், ராத்திரி முழுக்கப் பாட்டு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டர் திங்களுக்கும் வேலை பார்க்கிறேன் என்று முதலாளியிடம் பேரம் பேசி அந்த நாட்களுக்கு லீவு வாங்குவாள். அப்புறம் அம்மா போனாள். வீடு அக்கா இனெஸுக்கு வந்தது, இனெஸின் பிள்ளைகள், மருமகள்கள், அவர்கள் குழந்தைகள். ஃபோஸ்காவுக்கு அடுப்படியில் ஒரு மடக்குக் கட்டில். குளிர்பெட்டி உறுமுகிற சத்தத்தில் படுத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்றைத்தான் நினைப்பாள். கிழவி போனால் அவனுக்கு ஓடிப்போக இடம் இருக்காது. ஒரு ஆகஸ்டாவது அவன் என்னோடு இருப்பான். கிழவி சாக வேண்டும் என்று நினைப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

போன பிப்ரவரியில் ஆர்ஜியா போய்ச் சேர்ந்தாள். ஃபோஸ்கா கறுப்பு உடுத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, வரவழைக்கவும் அவள் முயற்சி செய்யவில்லை.

வீடு அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. நெல்லோ போஜ்ஜிபோன்சியில் டயர் கடை வைத்திருக்கிறவன், கடனில் மூழ்கிக்கொண்டிருந்தான். விற்றே ஆக வேண்டும் என்று நின்றான். துயிலியோ கெஞ்சினான், திட்டினான், கடைசியில் கையெழுத்துப் போட்டான். மிலானிலிருந்து ஒரு பல் டாக்டர் வாங்கினார். வாங்கி ஜன்னலையெல்லாம் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நோட்டரி அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு துயிலியோ எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "எனக்குத் தம்பியே கிடையாது. இவன் செத்தா ஒரு பூ அனுப்ப மாட்டேன்!" அதற்குப் பிறகு வீட்டில் நெல்லோ என்கிற பேரே எடுக்கக் கூடாது. 'அந்தப் போஜ்ஜிபோன்சிக்காரன்' என்றுதான் சொல்ல வேண்டும். வேளாவேளைக்கு அந்தப் போஜ்ஜிபோன்சிக்காரனைச் சபித்துவிட்டுத்தான் துயிலியோ சாப்பிட உட்காருவான். ஃபோஸ்காவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள். உள்ளுக்குள் நெல்லோவுக்கு நூறு முறை நன்றி சொல்லியிருப்பாள்.

ஆனால் ஜூலை வந்ததும் என்ன செய்தான் என்கிறீர்கள்? நத்தைப் பேட்டைச் சங்கக் கட்டடத்தில் ஒரு மர பெஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டான். நாலு ராத்திரி. ஐந்தாம் நாள் கோணலாக நடந்து வந்தான். ஃபோஸ்காதான் பத்து நாள் முதுகில் களிம்பு தேய்த்தாள். தேய்க்கும்போதெல்லாம், ஆகஸ்டில் இந்த முதுகு எங்கேயும் போகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜூலை முடிகிற சமயம். ஊறவைத்த ரொட்டியும் தக்காளியும் வெங்காயமும் கலந்து வைத்து இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துயிலியோ தட்டைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தான்.

"ஃபோஸ்கா, ஆகஸ்டுக்கு ஒரு ரூம் பாரேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். சான் மார்கோவுல. தெருவப் பாத்த மாதிரி."

ஃபோஸ்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சியேனாக்காரன் சியேனாவுல ஓட்டல்ல படுக்கறதா? மூளை கீளை பிசகிடுச்சா உனக்கு? கூடு போன நத்தைன்னு எங்க ஆளுங்க பாட்டே கட்டிடுவாங்க."

"கட்டட்டும். பெஞ்சுல இனி ஒரு ராத்திரி படுத்தா என்னை அள்ளித்தான் எடுக்கணும்."

"அப்ப வீட்டுல படு. பஸ்ஸு ஓடுதுல்ல? நீதானே ஓட்டறே!"

"பந்தய ராத்திரிக்கு மதிலுக்கு வெளிய படுக்கறதா? நான் என்ன ஜெர்மன்காரனா? அம்மா மேல இருந்து பாத்தா காறித் துப்புவா."

"எல்லா ஓட்டலும் போன வருஷமே நெரம்பிப் போச்சு. அதுவும் நாலு ராத்திரி மொத்தமா எடுத்தாத்தான் தருவான்."

"அதான் உன்கிட்ட கேக்கறேன். ஊர் உலகத்துக்கெல்லாம் ரூம் பாத்துத் தர்றே. கட்டுன புருஷனுக்குப் பாத்துத் தர மாட்டியா?"

பார்க்கிறேன் என்று சொன்னாள். பார்க்கவே போவதில்லை என்பதுதான் அவள் திட்டம். ஒரு வாரம் கழித்து, எங்குமே இல்லை, எல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாரால் மறுக்க முடியும்? ஆனால் சான் மார்கோ தெருவில் இருக்கிற சின்ன ஓட்டலில் வாண்டா வேலை பார்த்தாள். முன்பு இவளோடு ஒரே மேசையில் இருந்தவள். க்ரோசேத்தோ ஊர்க்காரி, எந்தப் பேட்டையும் இல்லாதவள், அதனால் எல்லோருக்கும் நல்லவள். மறுநாளே அவளாகவே கூப்பிட்டாள்.

"ஃபோஸ்கா, உன் வீட்டுக்காரர் பஸ்ஸுல என்னைப் பாத்து ரூம் கேட்டார்டி. நல்ல நேரம், ஜூரிச் கிழவர் ஒருத்தருக்கு இடுப்பு ஒடைஞ்சு வரலேன்னுட்டார். மூணாவது மாடி, தெருப் பக்கம். ஆனா இரட்டைக் கட்டில் ரூம்தான் இருக்கு. ஒத்தை ஆளுக்குப் பரவால்லையா?"

இரட்டைக் கட்டில். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஃபோஸ்காவின் திட்டமே தலைகீழாகிவிட்டது. அன்று முழுதும் மேசையில் உட்கார்ந்து பிரெஞ்சுக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே அவள் அந்த அறையைத்தான் நினைத்தாள். வெள்ளை விரிப்பு, மடித்து வைத்த துண்டு, யாரோ போட்டுத் தருகிற காலை காப்பி. அவன் குதிரை ஒத்திகைக்குப் போகட்டும், ராத்திரி விருந்துக்குப் போகட்டும். திரும்பி வந்து படுக்கிறபோது பக்கத்தில் அவள் இருப்பாள். ஆமைப் பேட்டைக்காரி தன் ஆட்களை விட்டுவிட்டு, பகைத் தெருவில், பந்தய நாளில். கேட்டால் இனெஸ் செத்தே போவாள். கேட்கட்டும் என்று நினைத்தாள் ஃபோஸ்கா. ஐம்பத்தெட்டு வயசில் முதல் முறையாகத் தன் பேட்டையை அவள் ஒரு கிள்ளுக்கீரையாக நினைத்தாள், அதுவும் இந்த மனுஷனுக்காக.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் நல்ல வைன் எடுத்து வைத்தாள். ரூம் கிடைத்த விஷயத்தைச் சொன்னாள். துயிலியோ எழுந்து வந்து அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான்.

"நீ ராணிடி! ஆமையா இருந்தாலும் ராணி!"

"இரட்டைக் கட்டில் ரூம் அது."

"இருக்கட்டுமே. கையக் கால நீட்டிப் படுத்துக்கறேன்."

"இல்ல... நானும் வரேன்னு பாத்தேன்."

துயிலியோ சிரித்தான். நல்ல பகடி கேட்டவன் சிரிக்கிற சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான்.

"நத்தைத் தெருவுல ஆமையா? வெளையாடறியா?"

"எங்க பேட்டைக் கழுத்துத் துண்டு கட்ட மாட்டேன். வெளிய தலை காட்ட மாட்டேன். ஜன்னல் பக்கம்கூட வர மாட்டேன் துயிலியோ. நீ வர்ற வரைக்கும் ரூமுக்குள்ளயே கெடக்கறேன். நாம ரெண்டு பேரும் ஒரு நாளாவது ஓட்டல்ல படுத்திருக்கோமா?"

"அதுக்கு நவம்பர்ல போலாம். எங்க வேணாப் போலாம். ஆனா பந்தயத்துக்கா? நம்ம ஆளுங்க மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? குதிரை தோத்தா உன்னாலதான்னு சொல்லுவாங்க. ஜெயிச்சாலும் சொல்லுவாங்க."

"அப்ப அந்த இன்னொரு பக்கம்?"

"எந்தப் பக்கம்?"

"கட்டில்ல."

"அது சும்மா கெடக்கும். சட்டையக் கழட்டிப் போடுவேன்." அவன் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்தான். "வேற யாரு வரப் போறா?"

ஃபோஸ்கா அதற்கு மேல் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது அவன் பால்கனியில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. பேட்டை ஆட்களோடு குதிரைப் பேச்சு என்று விட்டுவிட்டாள். சும்மா கிடக்கும் என்றானே, அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இல்லை, சரி. ஆனால் வேறு யாருக்கும் இல்லை. எனக்கு வைத்த இடம்போல அது காலியாகக் கிடக்கட்டும். கொடுக்காத ஒன்றில் இப்படித் திருப்தி தேடிக்கொள்கிற புத்தி பெண்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ, எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அதற்கப்புறம் அவள் அந்தத் தங்கலை ஏற்பாடு செய்த விதம் இருக்கிறதே, எந்த அமெரிக்கக் கோடீசுவரனுக்கும் அப்படிச் செய்திருக்க மாட்டாள். குளியலறையில் உயரமான விளிம்பு இருக்கிறதா என்று வாண்டாவைக் கேட்டாள், அவனுக்கு முழங்கால் மடங்காது. மெத்தைக்கு அடியில் பலகை வைக்கச் சொன்னாள். எல்லோரும் தெருச் சத்தம் வேண்டாம் என்பார்கள், இவனுக்கு முரசுச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது, அதனால் அந்த அறையை யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடாதே என்றாள். காலை ஒத்திகைக்கு ஒன்பது மணிக்குள் பந்தயம் நடக்கிற சதுக்கத்தில் நிற்க வேண்டும், எட்டுக்குக் காப்பி கொடுத்துவிடு என்றாள். பையில் சட்டைகளைச் சுருக்கம் விழாமல் சுருட்டி வைத்தாள். களிம்பை மேலே வைத்தாள். நத்தைப் பேட்டைத் துண்டை, அந்தச் சனியனை, அவளே துவைத்து இஸ்திரி போட்டு மடித்தாள்.

பதின்மூன்றாம் தேதி காலையில் அவன் கிளம்பினான். சதுக்கத்தில் குதிரைகளைச் சீட்டுக் குலுக்கிப் பேட்டைகளுக்குக் கொடுக்கிற நாள் அது. நத்தைக்கு நல்ல குதிரை விழுந்தது, ஆமைக்கு விழுந்தது கழுதைக்குக் கொஞ்சம் மேல் என்று இனெஸ் வீட்டில் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஃபோஸ்காவுக்குக் குதிரை எதுவுமே மனசில் ஏறவில்லை. ராத்திரி அடுப்படியில் மடக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்போது அந்தக் கட்டிலில் ஒரு பக்கம் அவன் சட்டை கிடக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து வீடே தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது வாண்டாவின் போன் வந்தது.

"ஃபோஸ்கா, எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. நீ எனக்கு அக்கா மாதிரி. சொல்லாம இருந்தா எனக்குச் சாப்பாடு எறங்காது."

"சொல்லித் தொலை."

"ரூம்ல ரெண்டு பேரு படுத்திருக்காங்கடி. கட்டிலோட ரெண்டு பக்கமும் கலைஞ்சிருக்கு. ரெண்டு துண்டும் ஈரம். காலையில ரூம் சுத்தம் பண்ற பொண்ணு சொன்னா. இப்ப மறுபடி ரெண்டு பேர் பேச்சுச் சத்தம் கேக்குதாம். முற்றத்து வழியா யாரையோ ஏத்தியிருக்கார். அடையாள அட்டையும் குடுக்கல. போலீஸுக்குப் பதிவு அனுப்பணும், உனக்குத் தெரியாததா? நான் போய்க் கதவத் தட்டவா, இல்ல..."

"தட்டாத. நான் வரேன்."

இனெஸ் சோபாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "இந்த வெயில்ல எங்கடி?"

"மருந்துக் கடைக்கு."

ஆமைத் துண்டைக் கழற்றிக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு இறங்கினாள். மேட்டிலிருந்து சான் மார்கோ தெருவுக்கு இறங்குகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அவள் மனசில் ஓடாத முகமில்லை. பேருந்தில் முன் இருக்கையில் உட்காருகிற பூக்கடைக்காரியா? சங்கத்தில் சமைக்கிற விதவையா? எவளாக இருந்தாலும் சரி, தலைமயிரைப் பிடித்து மூணு மாடி இழுத்துக்கொண்டு வந்து தெருவில் போடுவேன் என்று பல்லைக் கடித்தாள். பெண்டாட்டி வந்தால் குதிரை தோற்கும், கூத்தியாள் வந்தால் ஜெயிக்குமோ! தெருவில் நுழைந்ததும் நத்தைக் கொடிகள் தலைக்கு மேல் தொங்கின. ஒரு ஜன்னலிலிருந்து எவளோ குரல் கொடுத்தாள்: "என்ன ஆமையம்மா, வழி தவறிடுச்சா? உங்க குட்டை அந்தப் பக்கம்!" வேறு நாளாக இருந்தால் அவளுக்கு ஏழு தலைமுறைக்கும் சேர்த்துப் பதில் கிடைத்திருக்கும். ஃபோஸ்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாண்டா மாடிப்படியைக் காட்டினாள். ஃபோஸ்கா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஏறினாள். கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிவிட்டு, உள்ளங்கையால் மூன்று முறை ஓங்கி அடித்தாள்.

கதவு திறந்தது. பனியனோடு, தொப்பையைச் சொறிந்துகொண்டு, நெல்லோ நின்றான்.

"அண்ணி! நீங்களா?"

ஃபோஸ்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதாவே, மாதாவே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொம்பளை இல்லை! தொந்தியும் தொப்பையுமாக நெல்லோ! அவளைப் பார்த்து நெல்லோவும் சிரித்தான். கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டான்.

உள்ளே கட்டிலில், தெருப் பக்கம், துயிலியோ அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தான். மறுபக்கம் தலையணை நடுவில் குழிந்திருந்தது. அந்தப் பக்கத்து மேசையில் நெல்லோவின் மூக்குக் கண்ணாடி, தண்ணீர் டம்ளர், ரத்த அழுத்த மாத்திரை. சொந்த வீட்டில் படுக்கிறவன்போல எல்லாம் எடுத்து வைத்திருந்தான்.

"இவன்..." என்றாள் ஃபோஸ்கா. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "இவனுக்குப் பூ அனுப்ப மாட்டேன்னியே."

துயிலியோ கண்ணைக் கசக்கினான். "அது வேற கதை ஃபோஸ்கா. இது பந்தயம்."

"ஆமா அண்ணி," என்றான் நெல்லோ. பாவம், நல்லதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். "பந்தயத்துக்கு நான் எங்க போவேன்? ஜூலையில போஜ்ஜிபோன்சியில தனியா டிவியில பாத்து அழுதேன். அண்ணன்தான் கூப்புட்டான். ஒரு ராத்திரி போன் வந்துச்சு. பெரிய கட்டிலாக் கெடைச்சிருக்கு, உன் அண்ணிதான் ஏற்பாடு பண்ணுனா, ஒரு பக்கம் சும்மாத்தான் கெடக்கு, வாடான்னான். நல்ல வைன் குடிச்சிருந்தான்போல, பால்கனியில நின்னு அவனும் அழுதான், நானும் அழுதேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேனே, என்று நினைத்தாள் ஃபோஸ்கா. நான் கேட்டு, அவன் முடியாது என்று சொல்லி, தட்டுக்கூடக் காயவில்லை.

"இவன் நீ பொறந்த வீட்டை வித்தவன்," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "நாலு மாசமா ஒவ்வொரு வேளைச் சோத்துக்கும் இவனைத் திட்டாம நீ வாய் வச்சதில்ல. இவன் இந்தக் கட்டில்ல படுக்கலாம். நான் படுக்கக் கூடாது."

"அவன் நத்தைடி," என்றான் துயிலியோ. இது ஏன் அவளுக்குப் புரியவில்லை என்று அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "என்ன பண்ணாலும் அவன் நம்ம ஆளு."

"நான் யாரு?"

"நீ என் பெண்டாட்டி. அது வேற."

அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். பலகை வைத்த மெத்தை கொஞ்சமும் அமுங்கவில்லை. வெளியே யாரோ முரசைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். விரிப்பு நல்ல பருத்தி, தன் ஓட்டலில் போடுவதைவிட உசத்தி என்று அவள் கை தானாகத் தடவிப் பார்த்தது.

"ஒருத்தி இருப்பான்னு நெனச்சு ஓடி வந்தேன் துயிலியோ," என்றாள். "இருந்திருந்தா மயிரப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன். நாலு வருஷம் அழுதிருப்பேன், உன்னையும் சும்மா விட்டிருக்க மாட்டேன். அவளுக்கு என்கிட்ட இல்லாதது ஏதோ இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். உன் தம்பிய நான் என்ன பண்ணட்டும்? சொல்லு. என்ன பண்ணட்டும்?"

நெல்லோ சட்டையைத் தேடினான், கிடைக்கவில்லை, ஒரு துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டான். "அண்ணி, வேணும்னா நான் இன்னிக்கே..." என்று ஆரம்பித்தான்.

"நீ எங்கயும் போகாத," என்றாள் ஃபோஸ்கா எழுந்து. "உன் அடையாள அட்டையக் குடு. பதிவு பண்ணாம ஆளத் தங்க வச்சா வாண்டாவுக்கு வேலை போயிடும்."

அவன் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கதவைச் சாத்தும்போது துயிலியோ, "சாயங்கால ஒத்திகைக்கு நேரமாச்சு, எந்திரிடா," என்று தம்பியிடம் சொல்வது கேட்டது.

கீழே வாண்டா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "யாருடி? எந்தச் சிறுக்கி?"

ஃபோஸ்கா அட்டையை மேசைமேல் வைத்தாள். "கொழுந்தன்."

வாண்டா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, சத்தமாகச் சிரித்துவிட்டாள். "தம்பியா! அடி மாதாவே, எனக்கு உசிரே போயிடுச்சு! காலையிலேருந்து உன்னை நெனச்சு... அப்பாடா! குடுத்து வச்சவடி நீ. இந்த வயசுல அண்ணன் தம்பி இப்பிடி ஒட்டிக்கிட்டு இருக்கறதை எங்க பாக்க முடியுது?" சிரித்துக்கொண்டே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நெல்லோவின் பெயரையும் பிறந்த தேதியையும் அடித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். "ரெண்டு பேர் ஒரே ரூம்ல இருந்தா என்ன உறவுன்னு கேக்குமே, இந்தச் சனியன். குழுன்னு போடட்டுமா, குடும்பம்னு போடட்டுமா?"

"குடும்பம்னு போடு," என்றாள் ஃபோஸ்கா. "தலைவன் துயிலியோ. கூட தம்பி. அவ்வளவுதான் அந்தக் குடும்பம்."

வாண்டா அப்படியே அடித்து அனுப்பினாள்.